ஒரு துளி ரத்தமும் ஒரு பதிவேடும்

குத்தாலத்தில் ஒரு தாய் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காவிரியில் தண்ணீர் வராத ஒரு வருஷம். வயலில் வேலை இல்லை. அவளுடைய மகன் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போனான். இரண்டு மாதம் பணம் வந்தது. பிறகு பணமும் வரவில்லை; பேச்சும் வரவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். போட்டோவும் கொடுத்தார்கள். "தேடுகிறோம் அம்மா, போய் வாருங்கள்" என்றார்கள். மூன்று வருஷம் ஆயிற்று.

வேறொரு மாவட்டத்தில், தண்டவாளத்து ஓரத்தில், ஓர் இளைஞனின் உடல் கிடந்தது. சட்டைப் பையில் ஒன்றும் இல்லை. முகம் தெரியவில்லை. யாரும் தேடி வரவில்லை. "அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 25" என்று எழுதி அடக்கம் செய்துவிட்டார்கள்.

அங்கே உடல் இருக்கிறது, பெயர் இல்லை. இங்கே பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. இரண்டையும் சேர்த்து வைக்க ஒருவரும் இல்லை.

இந்தத் தாய் கற்பனைதான். ஆனால் இவளைப் போன்ற தாய்மார்கள் கற்பனை அல்ல. மகன் திரும்பி வருவான் என்று இரவில் கதவைத் தாழிடாமல் படுப்பவர்கள் உண்டு. நெற்றியில் பொட்டு வைப்பதா, எடுப்பதா என்று தெரியாமல் தவிக்கும் மருமகள்கள் உண்டு. ஏழு ஆண்டுகள் ஒரு தகவலும் இல்லாவிட்டால்தான் ஒருவரை இறந்தவராகச் சட்டம் கருதும். அதுவரை வாரிசுச் சான்றிதழ் வாங்குவதற்குக்கூட வழி கிடையாது.

இவர்களுக்கு ஒரு துளி ரத்தம் பதில் சொல்லும் என்கிறது விஞ்ஞானம். அது எப்படி? அதை நம்பலாமா? எவ்வளவு தூரம் நம்பலாம்?

எண்களால் ஆன அடையாளம்

நம் உடல் கோடிக்கணக்கான நுண்ணிய அறைகளால் ஆனது. அந்த அறைகளுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நூல் ஒன்று சுருண்டு கிடக்கிறது. அதற்கு டி.என்.ஏ. என்று பெயர். மரபணு என்று சொல்வதும் இதைப் பற்றித்தான். இந்த நூலில் பாதி தாய் கொடுத்தது. பாதி தந்தை கொடுத்தது.

மனிதருக்கு மனிதர் இந்த நூலில் பெரும் பகுதி ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சில இடங்களில் ஒரே எழுத்துக்கள் திரும்பத் திரும்ப வரும். ஒருவருக்கு 9 தடவை வரும். இன்னொருவருக்கு 14 தடவை வரும். விஞ்ஞானிகள் எண்ணிப் பார்ப்பது இதைத்தான்.

ஓர் உதாரணம் பாருங்கள். ஓரிடத்தில் தாய்க்கு 12, 15 என்ற எண்கள். தந்தைக்கு 9, 14. பிள்ளைக்குத் தாயின் எண்களில் ஒன்று வரும். தந்தையின் எண்களில் ஒன்று வரும். 12-ம் 9-ம் வரலாம். 15-ம் 14-ம் வரலாம். ஆனால் 11-ம் 17-ம் இருந்தால்? இப்படிப் பல இடங்களில் பொருந்தாமல் போனால், அவன் இவர்கள் பெற்ற பிள்ளை அல்ல.

ஒரே இடத்தைப் பார்த்தால் போதாது. அமெரிக்காவில் 2017 முதல் 20 இடங்களைப் பார்க்கிறார்கள். ஓர் இடத்துக்கு இரண்டு எண் என்றால், ஒரு மனிதனின் அடையாளம் 40 எண்கள் கொண்ட ஒரு வரிசை. வயலுக்குச் சர்வே நம்பர் இருப்பதுபோல மனிதனுக்கும் ஒரு நம்பர்!

ரத்தம்தான் வேண்டும் என்பதில்லை. எச்சில் போதும். வேரோடு பிடுங்கிய ஒரு முடி போதும். பல்லும் எலும்பும்கூடப் பேசும். இந்த எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பதுதான் மரபணுப் பதிவேடு. புதிதாக ஒரு வரிசை கிடைத்தால், பதிவேட்டில் அதற்குப் பொருத்தம் உண்டா என்று கம்ப்யூட்டர் தேடிச் சொல்லிவிடும்.

விரல் ரேகை கதையும் இதுவே. உலகத்தின் முதல் விரல் ரேகை நிலையம் 1897-ல் கல்கத்தாவில்தான் அமைந்தது. இன்றைய பதிவேடு அதன் பேரப்பிள்ளை.

முதலில் தப்பியவன் நிரபராதி

1984-ம் ஆண்டு. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரம். அலெக் ஜெப்ரீஸ் என்ற விஞ்ஞானி இந்த அடையாள முறையைக் கண்டுபிடித்தார். அதற்கு உடனே வேலை வந்தது.

அந்த நகரத்துக்குப் பக்கத்தில் 1983-ல் ஒரு பெண்ணும் 1986-ல் இன்னொரு பெண்ணும் கொலையுண்டார்கள். இருவருக்கும் வயது 15. இரண்டாவது கொலையைத் தானே செய்ததாக 17 வயதுப் பையன் ஒருவன் ஒப்புக்கொண்டான். வழக்கு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஜெப்ரீஸ் சோதித்தார். இரண்டு கொலைகளையும் செய்தவன் ஒருவனே. ஆனால் அவன் இந்தப் பையன் அல்ல! பையன் விடுதலையானான். பிறகு சுமார் 5,000 ஆண்களிடம் ரத்தமும் எச்சிலும் எடுத்தார்கள். உண்மையான கொலைகாரன் தனக்குப் பதிலாக நண்பன் ஒருவனை அனுப்பி ரத்தம் கொடுக்கச் செய்திருந்தான். அந்த நண்பன் அதை வெளியே சொன்னது போலீசின் காதுக்கு எட்டியது. 1988-ல் கொலைகாரனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

இந்தக் கதையில் ஒரு நீதி இருக்கிறது. குற்ற விசாரணையில் புதிய விஞ்ஞானம் முதலில் செய்த வேலை, குற்றவாளியைப் பிடித்தது அல்ல. குற்றமற்ற ஒரு பையனைக் காப்பாற்றியது. இந்தக் கருவியைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் இதை மறக்கக் கூடாது.

இந்தியாவில் இந்த முறையை 1988-ல் ஐதராபாத்தில் விஞ்ஞானி லால்ஜி சிங் உருவாக்கினார். 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்டபோது இந்தச் சோதனை புலன் விசாரணைக்கு உதவியது. பிரேமானந்தா ஆசிரம வழக்கிலும் இது முக்கிய சாட்சியாக நின்றது. ஆதரவற்ற பெண்களின் சொல்லுக்கு விஞ்ஞானம் துணை நின்றது. 1997-ல் புதுக்கோட்டை கோர்ட்டு கொடுத்த ஆயுள் தண்டனையை 2005-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது.

பிரிந்தவர்களைச் சேர்க்கும் கருவி

குற்றவாளியைப் பிடிப்பது மட்டுமா இதன் வேலை? இல்லை.

2004 டிசம்பர் 26-ம் தேதியை நம் கடற்கரை மறக்காது. குத்தாலம் அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. சுனாமியில் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். நோய் பரவிவிடும் என்ற அச்சத்தில் உடல்களை அவசர அவசரமாகப் புதைத்தார்கள். பெயர் தெரியாமலே மண்ணுக்குள் போனவர்கள் பலர்.

அதே அலை இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனையையும் அடித்தது. இடிபாடுகளுக்கு இடையே ஒரு கைக்குழந்தை உயிரோடு கிடைத்தது. ஆஸ்பத்திரியில் அதற்கு வைத்த பெயர் "81-ம் எண் குழந்தை". "என் பிள்ளை" என்று ஒரு தம்பதியர் வந்தார்கள். மற்றவர்களும் உரிமை கேட்டதாகச் செய்தி உலகம் முழுவதும் பரவியது. கோர்ட்டு மரபணுச் சோதனைக்கு உத்தரவிட்டது. 2005 பிப்ரவரியில் முடிவு வந்தது. எண்கள் பொருந்தின. அந்தத் தம்பதியரிடமே பிள்ளை சேர்ந்தது.

2025 ஜூன் 12-ந் தேதி ஆமதாபாத்தில் விமானம் விழுந்து எரிந்தது. விமானத்தில் இருந்தவர்களில் 241 பேர் இறந்தார்கள். கீழே இருந்தவர்களும் பலியானார்கள். உடல்கள் கருகிக் கிடந்தன. உறவினர்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். எண்கள் பொருந்தப் பொருந்த, உடல்கள் வீடு போய்ச் சேர்ந்தன. குஜராத்தின் முன்னாள் முதல்-மந்திரி விஜய் ரூபானியின் உடலையும் இப்படித்தான் கண்டுகொண்டார்கள்.

பெரிய விபத்து என்றால் உலகமே பார்க்கிறது, சோதனையும் நடக்கிறது. தண்டவாளத்து ஓரத்தில் தனியாகச் செத்தவனை யார் பார்க்கிறார்கள்? காணாமற்போன குழந்தைகளையும் அடையாளம் தெரியாத உடல்களையும் ஒப்பிட்டுத் தேடுவதற்குத் தமிழகத் தடய அறிவியல் துறை ஒரு மரபணுத் தேடல் கருவியை அமைத்திருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் இரண்டு பக்கமும் நிரம்பினால்தான் அது பயன்படும். ஒரு பக்கம் பெற்றோரின் எண்கள். மறு பக்கம் உடல்களின் எண்கள். ஒரு பக்கம் காலியாக இருந்தால், நெல் இல்லாத மில்லைப்போல மெஷின் வெறுமனே சுற்றும்.

பொருத்தம் தீர்ப்பு ஆகாது

"விஞ்ஞானம் சொல்லிவிட்டது, பிறகு விசாரணை எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கதை.

1999-ல் இங்கிலாந்தில் ஒரு வீட்டில் திருடு போயிற்று. அங்கே கிடைத்த தடயத்தைப் பதிவேட்டில் தேடினார்கள். 6 இடங்களில் ஒருவரோடு பொருந்தியது. இப்படித் தற்செயலாகப் பொருந்துவது 3 கோடியே 70 லட்சத்தில் ஒன்று என்று கணக்குச் சொன்னார்கள். அந்த மனிதரைப் பிடித்தார்கள். அவரோ 200 மைல் தொலைவில் இருந்தவர். நடுக்கு வாத நோயாளி. பிறர் உதவி இல்லாமல் உடைகூட உடுத்த முடியாதவர்! அவருக்காக மறுபடியும் 10 இடங்களில் சோதித்தார்கள். பொருந்தவில்லை. வழக்கு வாபஸ் ஆயிற்று.

இது எப்படி நடந்தது? ஒருவர்மேல் வேறு காரணத்தால் சந்தேகம் வந்து, அவருடைய எண்களை மட்டும் பார்ப்பது வேறு. லட்சக்கணக்கானவர்களின் எண்களைக் கொட்டிக் கிளறி, பொருந்துகிறவரைத் தேடி எடுப்பது வேறு. தற்செயலாகப் பொருந்துவது 10 லட்சத்தில் ஒன்று என்று வையுங்கள். பதிவேட்டில் 10 லட்சம் பேர் இருந்தால்? குற்றத்தோடு சம்பந்தமே இல்லாத ஒருவர் தேடலில் சிக்குவதற்கு நிறைய வாய்ப்பு உண்டு அல்லவா?

அதற்குப் பிறகு பார்க்கும் இடங்கள் கூடின. தற்செயல் மிகவும் குறைந்தது. ஆனாலும் பாடம் மாறவில்லை. பதிவேட்டில் கிடைக்கும் பொருத்தம் ஒரு துப்பு. அது தீர்ப்பு அல்ல. அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார், யார் பார்த்தார்கள் என்ற பழைய கேள்விகளைப் போலீசார் கேட்டே ஆக வேண்டும்.

பஞ்சுக் குச்சி காட்டிய பேய்

ஜெர்மனியில் நடந்தது இதைவிட விசித்திரம். கொலை, கொள்ளை, திருட்டு என்று சுமார் 40 இடங்களில் ஒரே பெண்ணின் மரபணு கிடைத்தது. 2007-ல் ஒரு பெண் போலீஸ் கொல்லப்பட்ட இடத்திலும் அதே பெண்! ஆஸ்திரியாவிலும் பிரான்சிலும்கூட அவள் தடயம். "முகமில்லாத பெண்" என்று பத்திரிகைகள் எழுதின. ஆண்டுக்கணக்கில் தேடினார்கள்.

2009-ல் குட்டு வெளிப்பட்டது. அப்படி ஒரு குற்றவாளியே இல்லை! தடயத்தைத் துடைத்து எடுக்கும் பஞ்சுக் குச்சியை ஆலையில் கையாண்ட தொழிலாளிப் பெண்ணின் மரபணு அது. குச்சியில் கிருமியை நீக்கியிருந்தார்கள், மரபணு நீங்கவில்லை.

கம்ப்யூட்டர் தவறு செய்யவில்லை. சோதனைச்சாலையும் தவறு செய்யவில்லை. கையில் எடுத்த குச்சியில் தவறு இருந்தது.

தேனி வழக்கு சொல்லும் பாடம்

ஜெர்மனி எதற்கு? நம் ஊர்க் கதையே இருக்கிறது.

2011 மே மாதம். தேனி மாவட்டத்தில் சுருளி அருவிப் பக்கம் ஓர் இளம் பெண்ணும் அவள் காதலனும் கொலையுண்டார்கள். ஒருவர் கைதானார். மரபணுச் சோதனை அவருக்கு எதிராக நின்றது. தேனி கோர்ட்டு மரண தண்டனை விதித்தது. ஐகோர்ட்டும் அதை உறுதி செய்தது.

2025 ஜூலை 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. ஏன்? எடுத்த மாதிரிகள் யார் யார் கையில் இருந்தன, சோதனைச்சாலைக்குப் போக ஏன் தாமதம் என்ற கேள்விகளுக்குச் சரியான விளக்கம் இல்லை. நடுவில் மாதிரி கெட்டுப்போகவில்லை, மாறவில்லை என்று உறுதி சொல்ல முடியவில்லை. அப்படிப்பட்ட சாட்சியை வைத்து ஒருவனைத் தூக்கில் போடலாமா?

எண்ணிப் பாருங்கள். அவர் குற்றமற்றவர் என்றால், செய்யாத குற்றத்துக்காகத் தூக்குக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு பல ஆண்டுகள் சிறையில் கிடந்தார். குற்றம் செய்தவர் என்றால், ஒழுங்காகக் கட்டாத ஒரு பொட்டலத்தால் தப்பிவிட்டார். எப்படிப் பார்த்தாலும் இறந்துபோன இரண்டு பிள்ளைகளின் பெற்றோருக்கு நியாயம் கிடைக்கவில்லை.

சுப்ரீம் கோர்ட்டு அதோடு நிற்கவில்லை. நாடு முழுவதற்கும் விதிகள் வகுத்தது. மாதிரி எடுத்தவுடன் ஒழுங்காகக் கட்டி, வழக்கு எண், போலீஸ் நிலையம், அதிகாரி பெயர் எல்லாம் எழுத வேண்டும். டாக்டரும் விசாரணை அதிகாரியும் சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் சோதனைச்சாலையில் சேர்க்க வேண்டும். தாமதமானால் காரணம் எழுத வேண்டும். கோர்ட்டு அனுமதி இல்லாமல் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. மாதிரி எப்போது யார் கைக்கு மாறியது என்று முதலிலிருந்து கடைசிவரை ஒரு பதிவேட்டில் குறிக்க வேண்டும்.

ஆக, நமக்கு வேண்டியவை இரண்டு பதிவேடுகள். ஒன்று கம்ப்யூட்டரில் இருப்பது. மற்றொன்று போலீஸ்காரர் கையால் எழுதுவது. இரண்டாவது பொய்த்தால் முதலாவதும் பொய்க்கும். லட்சக்கணக்கில் செலவழித்து மெஷின் வாங்கலாம். மாதிரியை வைக்கக் குளிர்ப்பெட்டி இல்லாவிட்டால், பொட்டலத்தைக் கொண்டு சேர்க்க ஆள் இல்லாவிட்டால், அத்தனையும் வீண்.

சட்டத்தில் ஓர் ஓட்டை

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். மரபணுப் பதிவேட்டுக்காக 2019-ல் மத்திய அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. அதில் குற்றவாளிகளுக்கு ஒரு பகுதி இருந்தது. காணாமற்போனவர்களுக்குத் தனிப் பகுதி. அடையாளம் தெரியாத உடல்களுக்குத் தனிப் பகுதி. 2023 ஜூலையில் அந்த மசோதா திரும்பப் பெறப்பட்டது.

இதற்கிடையே 2022-ல் வேறொரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. தண்டனை பெற்றவர்கள், கைதானவர்கள் ஆகியோரின் விரல் ரேகை முதல் ரத்தம், எச்சில் வரை எடுத்துப் பதிய அது இடம் தருகிறது. பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். முன்பு தண்டனை பெறாத ஒருவர் விடுதலையானால், கோர்ட்டு வேறு மாதிரி உத்தரவிட்டாலன்றி, அவர் பதிவை அழிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

அதாவது, குற்றவாளியைப் பதியச் சட்டம் நிற்கிறது. காணாமற்போன மகனைத் தேடுவதற்கு என்று வந்த மசோதா போய்விட்டது! குத்தாலத்துத் தாய் இதைக் கேட்டால் என்ன சொல்வாள்?

மக்களின் அச்சத்தையும் அலட்சியம் செய்யக் கூடாது. ஒருவர் கொடுக்கும் ரத்தம் அவருடையது மட்டும் அல்ல. அண்ணன், தம்பி, சித்தப்பா, பேரன் என்று எல்லோருடைய அடையாளமும் அதில் கொஞ்சம் இருக்கிறது. 2018-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பல ஆண்டுகளாகத் தப்பித் திரிந்த கொலைகாரன் ஒருவன், தூரத்து உறவினர்களின் மரபணு மூலமாகவே பிடிபட்டான். கொலைகாரன் பிடிபட்டது நல்லதுதான். ஆனால் மகனைத் தேடி ரத்தம் கொடுத்த தாய், "இதை வைத்து வேறு வழக்கில் என் தம்பியைத் தேடுவார்களோ?" என்று பயந்தால், அவள் போலீஸ் நிலையப் படி ஏறவே மாட்டாள்.

இங்கிலாந்தில் குற்றமற்றவர்களின் எண்களையும் பதிவேட்டில் வைத்திருந்தார்கள். 2008-ல் ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்டு அது தவறு என்று தீர்ப்பளித்தது. பிறகு சட்டத்தைத் திருத்தி, 17 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளை நீக்கினார்கள்.

நாம் கேட்பது

காணாமற்போனவர்களுக்கென்று தனிப் பதிவேட்டுக்குச் சட்டம் வேண்டும். மனமுவந்து கொடுப்பவர்களின் ரத்தம் மட்டுமே அதில் சேர வேண்டும். அதைக் கொண்டு வேறு எந்தக் குற்றத்தையும் தேடக் கூடாது.

அடையாளம் தெரியாத எந்த உடலையும் மாதிரி எடுக்காமல் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. எரித்த பிறகு எந்த விஞ்ஞானியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

விடுதலையானவரின் பதிவு தானாகவே அழிய வேண்டும். ஏழை ஒருவர் மனு எழுதிக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக அலையும்படி வைக்கக் கூடாது.

சுப்ரீம் கோர்ட்டு சொன்ன 48 மணி நேரமும் கையெழுத்துப் பதிவேடும் சின்னஞ்சிறு போலீஸ் நிலையம் வரை நடைமுறைக்கு வர வேண்டும்.

விஷத்தைக் கண்டுபிடிக்கும் அரசு ரசாயனச் சோதனைச்சாலை இந்தியாவிலேயே முதன்முதலாக 1849-ல் சென்னையில்தான் ஏற்பட்டது. அந்தப் பெருமை உள்ள தமிழ்நாடு இதிலும் வழிகாட்டலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. யாராவது காணாமற்போனால் நாள் கடத்தாமல் போலீசில் எழுதிக் கொடுங்கள். அவர் பயன்படுத்திய பல் துலக்கும் பிரஷ், சீப்பு ஆகியவற்றைக் கழுவாமல் ஒரு காகித உறையில் பத்திரப்படுத்துங்கள். மரபணுச் சோதனைக்கு எங்கள் மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீங்களே கேளுங்கள்.

குத்தாலத்துத் தாய்க்கு மகனை உயிரோடு திருப்பித் தர விஞ்ஞானத்தால் எப்போதும் முடியாது. ஆனால் அவன் எங்கே இருக்கிறான் என்று சொல்ல முடியும். உயிரோடு இருந்தால் அழைத்து வரலாம். இல்லையென்றால் அழுது தீர்த்து, காவிரியில் தலை முழுகி, அவன் பெயரால் ஒரு விளக்கு ஏற்றலாம்.

அவள் ஒரு துளி ரத்தம் தரத் தயாராக இருக்கிறாள். அதைக் கறைபடாமல் காக்கும் கைகளும், அவளுக்காக ஒரு சட்டமும்தான் வேண்டும்.